நாளைக்கு ஒரு சாண்

மன்னவனூர் சேனாதிபதியை, படுத்திருந்த கயிற்றுக் கட்டிலோடு எறும்புகள் தூக்கிக்கொண்டு போகத் தொடங்கியது 1957ஆம் வருஷம் பங்குனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. முதல் நாள் ஒரு சாண் தூரம் நகர்த்தின. மறுநாளும் ஒரு சாண். தரையில் கரிக்கோடு போட்டு அளந்தவர்கள் ஊரில் ஏழெட்டுப் பேர் உண்டு. சந்தேகப்படுகிறவர்கள் அவர்களையே கேட்டுக்கொள்ளலாம். கடிக்கிற செவ்வெறும்பு அல்ல, பிள்ளையார் எறும்பு என்று நாம் சொல்கிற சின்னக் கறுப்பு எறும்பு. சாமி பேர் வைத்த பிராணி என்பதால் அதை யாரும் தெரிந்து மிதிப்பதுகூட இல்லை. ஊர் ஒரு வாரம் வந்து வேடிக்கை பார்த்தது, பிறகு கிழங்கு தோண்டுகிற சோலி கிடக்கிறதே என்று கலைந்து போனது.

சேனாதிபதி லேசுப்பட்ட ஆள் இல்லை. தைப்பூசத்துக்கு மன்னவனூரிலிருந்து காட்டுப்பாதையில் இறங்கிப் பழனிக்கு நடக்கிற காவடிக் கூட்டத்துக்கு முப்பத்தொரு வருஷம் குருசாமி. முன்னால் நடந்துகொண்டே பின்னால் வருகிறவர்களுக்குக் கதை சொல்வார், கேலி பேசுவார், நொண்டுகிறவனை வைது வைதே மலை இறக்கிவிடுவார். வீட்டிலும் வாய் ஓயாது. பிள்ளைகுட்டி இல்லாத வீடு அது. மனைவி விசாலாட்சிக்கு அந்தப் பேச்சுதான் வீடு நிறைய ஆள் இருக்கிற மாதிரி. 1956 தைப்பூசத்தில், அறுபத்திரண்டாவது வயதில், பாதி இறக்கத்தில் ஒரு பாறைமேல் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. கூட்டத்தில் அவருக்கு அடுத்தபடியான ராமர் ஓடிவந்து, “கால் வலிக்குதுங்களா குருசாமி?” என்று கேட்டார். “வலியெல்லாம் இல்லலே. அலுப்பா இருக்கு” என்றார் சேனாதிபதி. அவர் வாயில் அந்தச் சொல் வந்ததை யாரும் அதுவரை கேட்டதில்லை. ராமர் கூட்டத்தை நடத்திக்கொண்டு போனார். குருசாமியை மட்டக்குதிரையில் ஏற்றி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

அந்த அலுப்பு பிறகு இறங்கவே இல்லை. தூங்கி எழுந்தாலும் அலுப்பு, தின்றாலும் அலுப்பு. தண்ணீர்ச் செம்பைத் தூக்கி வாய்க்குக் கொண்டுபோவதற்குள் கை சோர்ந்துவிடும். ஆனால் குடம் குடமாகத் தாகம் எடுக்கும். முதலில் சாவடிக்குப் போவதை நிறுத்தினார். அப்புறம் சவரத்தை. யாராவது வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். கடைசியில் விசாலாட்சி பேச வாயெடுத்தாலே, “போதும் புள்ள” என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவளுக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. கை கால் விழுந்திருந்தால்கூட ஏந்திக்கொண்டிருப்பாள். இந்த மனுஷன் வாய்க்கு என்ன கேடு வந்தது?

பாதியில் உட்கார்ந்ததற்கு முருகன் கோபித்துக்கொண்டான் என்று அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். பழனிக்கு ஆள் அனுப்பி, ஒரு பெரிய தூக்குவாளி நிறையப் பஞ்சாமிர்தம் வரவழைத்தாள். நாற்பத்தெட்டு நாள் வெறும் வயிற்றில், ஒரு கை நிறைய, தானே ஊட்டினாள். “வேண்டாம் புள்ள, திகட்டுது” என்றார் ஒரே ஒருநாள். “பிரசாதத்த அப்பிடிச் சொல்லக் கூடாதுங்க” என்றாள். பிரசாதத்தைத் தட்டுகிற வழக்கம் அவருக்கும் இல்லை, விழுங்கினார். அவர் ஒன்றுக்குப் போகிற வேலியோரம் எறும்பு மொய்க்க ஆரம்பித்தது அப்போதுதான். நாற்பத்தொன்பதாம் நாள் அவை வீட்டுக்குள் வந்தன, கட்டிலைத் தூக்கின.

விசாலாட்சி மஞ்சள்பொடி தூவினாள். கட்டில் காலுக்கு அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைத்தாள். எறும்புகள் கிண்ணத்தோடு தூக்கின. சாயங்காலம் அவளே கட்டிலைப் பிடித்துப் பழைய இடத்துக்கு இழுப்பாள். விடிந்தால் பழைய சாணும் புதுச் சாணும் சேர்ந்து நகர்ந்திருக்கும். ஒருநாள் அவர் போர்வைக்குள்ளிருந்து, “நடக்கிற சோலிய அதுக பாத்துக்கிடுதுக. நீ ஏன் இழுத்துக்கிட்டு கெடக்க?” என்றார். இழுப்பதை விட்டாள். முன்கூடத்திலிருந்து கிழங்கு அறைக்கும், அங்கிருந்து புறவாசலுக்கும் கட்டில் போய்ச் சேர மூன்று மாதம் ஆனது. வாசற்படியில் எறும்புகள் நான்கு நாள் யோசித்தன, பிறகு கட்டிலை ஒருக்களித்துக் கடத்தின. வெளியே வந்ததும் வடக்கே திரும்பின. வடக்கேதான் பழனி. அதைக் கண்டதும் ஊருக்கு எல்லாம் விளங்கிவிட்டது: பாதியில் விட்ட குருசாமியை, பிள்ளையாரே ஆள் அனுப்பித் தம்பியிடம் சேர்க்கிறார். ராமர் விரல்விட்டுக் கணக்குப் பார்த்து, இந்த வேகத்தில் ஐந்நூறு வருஷத்துக்குமேல் ஆகும் என்றார். ஆனால் ஆகட்டும், முருகன் எங்கே போய்விடப் போகிறான் என்றார்கள். விசாலாட்சி கட்டிலின் நான்கு காலிலும் மூங்கில் கட்டி, தார்ப்பாய் போட்டுக் கூரை அமைத்தாள். தோட்டத்தைத் தாண்டி, கேரட் பாத்தியைத் தாண்டி, சோறு எடுத்துக்கொண்டு தினமும் போய்வந்தாள்.

கோடைக்கானல் பஜாரில் கிழங்கு வாங்குகிற யாகூப் பாய்தான் 1959இல் உடைத்துச் சொன்னார். எறும்பு என்றதுமே அவர் முகம் மாறிவிட்டது. “எங்கம்மாவும் இப்பிடித்தான் சலிச்சுப்போய் மூலையில ஒடுங்குனாக. அது சாமி கோவமில்லம்மா, சக்கர வியாதி. வெரசா ஆஸ்பத்திரிக்குப் போங்க.” விசாலாட்சி ஒரு சீசாவில் புருஷனின் சிறுநீரை அடைத்து, பூம்பாறை வரை நடந்து, கிழங்கு லாரியில் ஏறிப் போனாள். டாக்டரம்மா நீல மருந்தில் அதை ஊற்றிக் காய்ச்சினார், செங்கல் நிறமானது. ஆளைக் கூட்டிக்கொண்டு வா என்றார். “கட்டில் இந்தப் பக்கம் வராதுங்க, வடக்கதான் போகும்” என்றாள் விசாலாட்சி. டாக்டரம்மாவே ஜீப்பில் வந்து பார்த்தார். எறும்புகளைக் குனிந்து பார்த்து நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டார். தினம் ஓர் ஊசி, அதைப் போடக் கற்றுக்கொடுத்தார். “இந்த அலுப்பு சோம்பல் இல்லை. தின்றது எதுவும் அவர் உடம்பில் ஒட்டவில்லை. மூஞ்சியைத் திருப்பிக்கொள்வது உன்மேல் வெறுப்பால் இல்லை, பேசக்கூடத் தெம்பில்லை. இனிப்பு மட்டும் கொடுத்துவிடாதே” என்றார். நாற்பத்தெட்டு நாள் ஊட்டிய கையை விசாலாட்சி அன்று முழுவதும் முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாள்.

அன்றிலிருந்து அவளே ஒரு வேலி ஆனாள். காவடிக்காரர்கள் ஒவ்வொரு தைக்கும் பிரசாதத்தோடு வருவார்கள். கம்பை எடுத்துக்கொண்டு பாதையில் நிற்பாள். “பிரசாதம் ஆளக் கொல்லும்னு எந்த ஊர்ல மதினி கேட்டீங்க?” என்பார் ராமர். “இந்த ஊர்லதான். போங்க அந்தப் பக்கம்” என்பாள். ஊர் அவளோடு பேச்சை விட்டது. ஊசியும் கேப்பைக் களியுமாக நாலு வருஷம் ஓடியது. எறும்புகள் மெலிந்தன, கட்டில் நாளைக்கு விரற்கடை நகர்ந்தது, பிறகு கரட்டு மேட்டில் நின்றேவிட்டது. 1963 ஐப்பசியில் ஒரு காலை அவர் எழுந்து உட்கார்ந்து, “இன்னிக்குப் பனி சாஸ்தி, இல்ல?” என்று கேட்டார். ஆறு வருஷத்தில் அவராக ஆரம்பித்த முதல் பேச்சு அது. அவள் ஆமாங்க என்று சொல்வதற்குள் அழுதுவிட்டாள்.

அடுத்த தைப்பூசத்தின்போது ஊசி மருந்து தீர்ந்துபோய், அவள் கோடைக்கானல் போனாள். திரும்புகிற வழியில் லாரி அச்சு முறிந்து, வீடு சேர மூன்று நாள் ஆகிவிட்டது. அந்த மூன்று நாளும் ஊசி இல்லை. அந்த நேரம் பார்த்துப் பழனியிலிருந்து கூட்டம் திரும்பியது. இருபத்தேழு பேர். பாதையில் கம்பு இல்லை. குருசாமி உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் அவர்களுக்குச் சந்தோஷம் பிடிபடவில்லை. ஒவ்வொருவராகக் காலில் விழுந்து, ஒவ்வொருவராக ஓர் உருண்டை பஞ்சாமிர்தம் அவர் கையில் வைத்தார்கள். முகத்தை மூட அவர் போர்வையைத் தேடினார். அகப்படவில்லை. பிரசாதத்தை மறுக்கிற சொல்லும் அகப்படவில்லை. இருபத்தேழு உருண்டையும் தின்றார்.

விசாலாட்சி வந்தபோது கட்டில் அங்கே இல்லை. பாதை முழுக்கக் கறுப்பாக ஊர்ந்துகொண்டிருந்தது. ஓடினாள். மேட்டுக்கு அப்பால் இரண்டு மைல் தள்ளி, நடக்கிற வேகத்தில் போய்க்கொண்டிருந்த கட்டிலைப் பிடித்தாள். அவர் மூச்சில் கனிந்த வாழைப்பழ வாடை அடித்தது. உலுக்கினாள், ஊசி போட்டாள், திட்டினாள், கெஞ்சினாள். கண் திறக்கவில்லை. மறுநாள் காலை மூச்சு நின்றது, கட்டில் நிற்கவில்லை.

எடுத்து அடக்கம் செய்ய நான்கு பேர் பிடித்துத் தூக்கிப் பார்த்தார்கள். எறும்புகள் உடம்பை விடவில்லை. அது கெடவும் இல்லை. ராமர் தலையில் அடித்துக்கொண்டு அழுதார். “நீங்க பாசத்துலதான் குடுத்தீங்க, நானும் பாசத்துலதான் ஊட்டுனேன். எல்லாருமா சேந்துதான் கொன்னுருக்கோம். எந்திரிச்சு வீட்டுக்குப் போங்க” என்றாள் விசாலாட்சி. அவரிடம் இருந்த இனிப்பு தீர்ந்ததும் எறும்புகள் பழைய வேகத்துக்கே வந்துவிட்டன. வனத்துறைக் காவலர்கள் கட்டில் போகிற வழியில் தாழ்ந்த கிளைகளை வெட்டிவைக்கிறார்கள். காவடிக் கூட்டம் அந்த இடம் வந்ததும் ஓரமாக ஒதுங்கி, கும்பிட்டுவிட்டு நடக்கிறது. யாரும் எதுவும் வைப்பதில்லை.

விசாலாட்சி தினமும் வெள்ளனே கிளம்பிப் போய், அவர் கால்மாட்டில் உட்கார்ந்துகொள்கிறாள். கிழங்கு விலை, மழை, யார் வீட்டில் என்ன சண்டை, எல்லாம் ஒன்றுவிடாமல் சொல்கிறாள். அவர் போதும் என்பதில்லை, சுவர்ப்பக்கம் திரும்புவதற்கு அங்கே சுவரும் இல்லை. மூடுபனி இறங்கும் முன் வீட்டுக்குத் திரும்பிவிடுகிறாள். மறுநாள் ஒரு சாண் தள்ளிப் போய் உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து ஆரம்பிக்கிறாள்.