மாப்பிள்ளை பிட்சர்

நெல்லித்தோப்பு பேஸ்பால் டீம் ஆடும்போது பார்க்க வருகிற கூட்டம் மொத்தம் பதினோரு பேர். அதிலும் இரண்டு பேர் நடைப்பயிற்சிக்கு வந்து மூச்சு வாங்க உட்கார்ந்தவர்கள். ஆனால் போட்டியெல்லாம் முடிந்து, அடுத்த வருஷத்துக்கு யாரை வைக்கலாம், யாரைத் தூக்கலாம் என்ற பேச்சு கிளம்பிவிட்டால் போதும், வாய் இருக்கிறவன் எல்லாம் கோச்சுதான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்று சும்மாவா சொன்னார்கள்.

கலியமூர்த்தி அந்த டீமின் செயலாளர். பிழைப்புக்கு ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கிற கடை. கடை வாசலில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு வைத்தது தன் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டிய தப்பு என்று அவனே சொல்லுவான். ஒன்றில் காலை எட்டு மணிக்கே சொல்தா காசிலிங்கம் வந்து உட்கார்ந்துவிடுவார். பிரெஞ்சு ராணுவத்தில் பதினாறு வருஷம் இருந்து, பென்ஷனோடு ஊர் திரும்பியவர். இன்னொன்றில் எதிர்ப்பக்கம் இட்லிக்கடை வைத்திருக்கும் சின்னப்பாப்பா. குண்டான் காலியானதும் கையைத் துடைத்துக்கொண்டே வந்துவிடும்.

"நோன், நோன், மிசியே கலியமூர்த்தி. பிட்சர மாத்தாம நீங்க வேற எத மாத்தினாலும் பிரயோஜனம் இல்ல" என்றார் காசிலிங்கம். ஒரு வாரமாக இதையே சொல்லுகிறார்.

"மாத்தறேன்னே வெச்சுக்கங்க. யார போடறது?"

"வெற்றிவேலு! நம்ம வைத்திக்குப்பத்துப் பையன். அவன் கைக்கு என்னா கொறச்சல்?"

சின்னப்பாப்பா முகவாயில் கையை வைத்துக்கொண்டது. "அதுக்காவ? கட்டிக்குடுத்த தங்கச்சி புருஷன வெளிய உக்கார வெப்பானா? நல்லாருக்குதுய்யா நீ சொல்ற நாயம்."

போன மேட்சில், "அந்த ஆளத் தூக்குங்கடா, கண்ணு கொண்டு பாக்க முடியல" என்று மைதானமே அதிரக் கத்தியது இதே சின்னப்பாப்பாதான். கலியமூர்த்திக்குத் தலையைக் கொண்டுபோய்ப் பிரிண்டிங் மெஷினுக்குள் விட்டுக்கொள்ளலாம் போல இருந்தது.

விஷயம் இதுதான். பேஸ்பாலில் பந்தை எறிகிறவன் பிட்சர். பாதி ஆட்டம் அவன் கையில்தான். அவன் நாலு பந்தைக் கோணலாக எறிந்துவிட்டால், மட்டைக்காரன் அடிக்கவே வேண்டாம், சும்மா நடந்து போய் முதல் பேஸில் நின்றுகொள்ளலாம். இரண்டு வருஷமாக நெல்லித்தோப்புக்குப் பந்து எறிகிறவர் கலியமூர்த்தியின் தங்கச்சி கலையரசியைக் கட்டிய உழவர்கரை விமல்ராஜ். நல்ல மனுஷன். ஒரு சோப்புக் கம்பெனியில் சூப்பர்வைசர். பீடி சிகரெட் கிடையாது. பந்து மட்டும் நேராகப் போகாது. போன மேட்சில் ஒன்பது பேரை நடக்க விட்டார். "நம்ம மாப்பிள்ள எதிர் டீமுக்குப் பாதயாத்திர நடத்துறாரு" என்று வாட்ஸப் குழுவில் ஒருவன் போட்டான். அதற்கு நாற்பது பேர் சிரித்தார்கள். நாற்பது பேரில் மேட்ச் பார்த்தது நாலு பேர்.

சரி, இப்படிப்பட்டவரை எதற்கு வைத்தாய் என்று கேட்டால், தவளை தன் வாயால் கெட்ட கதைதான். கல்யாணத்தன்று காலையில் மண்டபத்தில் சீர்த்தட்டு எல்லாம் வரிசையாக வைத்து முடித்தாயிற்று. மாப்பிள்ளையின் அப்பா சிரித்துக்கொண்டே, "எல்லாம் இருக்குது தம்பி, எம்புள்ளைக்கு உங்க டீம்ல ஒரு எடம் கெடையாதா?" என்று கேட்டார். விளையாட்டுக்குக் கேட்டார். கலியமூர்த்திக்குச் சந்தோஷம் தலைக்கு ஏறிப்போய், மேளக்காரர் பக்கத்தில் இருந்த மைக்கைப் பிடுங்கி, "நெல்லித்தோப்பு டீமோட பிட்சர் எடம் இனிமே எங்க மாப்பிள்ளைக்குத்தான். இது நான் என் தங்கச்சிக்குக் குடுக்கற சீரு!" என்று முழங்கினான். விசில் பறந்தது. போதாக்குறைக்கு மறுநாளே பத்தடிக்கு ஃபிளெக்ஸ் அடித்து, மாப்பிள்ளையின் தெருமுனையிலேயே கட்டிவிட்டான். சொந்தக் கடை வேறு. கேட்க ஆள் இல்லை.

சீராகக் கொடுத்ததை எந்த வாயால் திருப்பிக் கேட்பது? பீரோவைக் கொடுத்துவிட்டு ஆறு மாசம் கழித்துப் போய்த் தூக்கி வருகிறவன் உண்டா? கலியமூர்த்தியின் பெண்டாட்டி மாலாவும் அதைத்தான் சொன்னாள். "நாளைக்கு ஒரு வார்த்த வந்துச்சுன்னா, ஒங்க அண்ணன் குடுக்கறாப்பல குடுத்துப் புடுங்கிக்கினாருன்னு அந்த வீட்டுல சொல்லிக் காட்டுவாங்க. கலையரசி தலைய எங்க கொண்டுபோய் வெச்சுக்குவா?"

இந்தப் பக்கம் வெற்றிவேல். இருபத்திரண்டு வயசு. அவன் எறிகிற பந்தைப் பிடிக்கிறவனுக்குக் கை மரத்துப்போகும். இரண்டு வருஷமாக பெஞ்சில் உட்கார்ந்து எல்லாருக்கும் தண்ணீர் பாட்டில் எடுத்துக் கொடுக்கிறான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைக்கு வந்தான். நாற்காலி காலியாக இருந்தும் உட்காரவில்லை.

"அண்ணே, காலாப்பட்டு டீம்ல கூப்புடறாங்க. அவங்களுக்கு நான்தான் மெயின் பிட்சரு. நான் இங்கதான் ஆடணும்னு பாக்கறேன். இந்த வருஷமாச்சும் எம்பேரு முதல்ல வருமாண்ணே?"

"பாக்கலாம்டா."

"ரெண்டு வருஷமா பாக்கலாம்னுதாண்ணே சொல்றீங்க. ஞாயித்துக்கெழம பன்னண்டு மணி வரைக்கும் இருப்பேன். அப்பறம் போய்க் கையெழுத்துப் போட்டுருவேன். கோவிச்சுக்காதீங்க."

அன்றிலிருந்து கலியமூர்த்திக்குத் தூக்கம் இல்லை. அவன் போய்விட்டால் டீம் என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் மிஞ்சாது. அவனை வைத்தால் தங்கச்சி வாழ்க்கையில் ஒரு சொல் விழும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் பெயர்ப் பட்டியலைப் பேஸ்பால் சங்கத்தில் கொடுத்தாக வேண்டும்.

ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் போனைத் திறந்தால் குழுவில் இருநூற்றுப் பதினாலு மெசேஜ். வெற்றியைப் போடு என்று ஒரு கட்சி. மாப்பிள்ளையை எடுத்தால் ஊரில் மரியாதை என்ன ஆவது என்று ஒரு கட்சி. சாரம் பகுதியில் குடியிருக்கும் ஒருவன், பேஸ்பாலே வேண்டாம், கபடிக்கு மாறலாம் என்று ஓட்டெடுப்பு வைத்திருந்தான். அதற்குப் பதினேழு ஓட்டு! கடை வாசலில் காசிலிங்கமும் சின்னப்பாப்பாவும் வேறு ஆரம்பித்துவிட்டார்கள்.

"நிறுத்துங்கய்யா!" என்று கத்தினான் கலியமூர்த்தி. "ஒரு நாளு வந்து மைதானத்துல புல்லு புடுங்கினீங்களா? சுண்ணாம்புக் கோடு போட்டீங்களா? ஆளாளுக்கு நாட்டாம பண்ண மட்டும் வந்துடறீங்க!"

அதே வேகத்தில் பட்டியலைத் தட்டினான். பிட்சர் விமல்ராஜ். மாற்று ஆட்டக்காரர் வெற்றிவேல். குழுவில் போட்டுவிட்டுப் போனை அணைத்து மேஜை டிராயருக்குள் எறிந்தான். வெற்றிவேலிடம் பன்னிரண்டு மணிக்குள் நேரில் போய்ச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம், காலில் விழுந்தாவது நிறுத்திக்கொள்ளலாம் என்பது அவன் கணக்கு.

பதினோரு மணி இருக்கும். கலையரசியின் ஸ்கூட்டர் கடை முன்னால் வந்து நின்றது. தனியாக வந்திருந்தாள். முன்னால் ஒரு பெரிய பை.

"போச்சு" என்றது சின்னப்பாப்பா. "பொண்ணு பொட்டியக் கட்டிக்கினு வந்துடுச்சு. நீ எடுக்கப் போறன்னு அங்க தெரிஞ்சிருக்கும்."

"நான் எடுக்கவே இல்லயே!" கலியமூர்த்தி பதறி வாசலுக்கு வந்தான். "என்னம்மா, மாப்பிள்ள ஏதாச்சும் சொன்னாரா?"

கலையரசி பையைத் தூக்கி மேஜைமேல் தொப்பென்று வைத்தாள். உள்ளே துணிமணி இல்லை. கிளவுஸ், ஷூ, இரண்டு பந்து, ஒரு தொப்பி.

"இந்தா. ஒன் சீரு. எண்ணிப் பாத்துக்கோ."

"என்ன கலை…"

"நீ லிஸ்ட்டுப் போட்டியே, அதப் பாத்துட்டு அந்த மனுஷன் தட்டுல கைய ஒதறிட்டு எழுந்துட்டாருண்ணா. தோள்பட்ட போயி மூணு மாசமாவுது. சீப்ப எடுத்துத் தல சீவ முடியல. நான்தான் சட்ட மாட்டி வுடறேன். மேட்ச்சுக்கு முன்னாடி நாளு ராத்திரி சோறு எறங்காது அவருக்கு. ஒங்கிட்ட சொல்லுங்கன்னா, மச்சான் நாலு பேரு முன்னால மைக்குல சொன்ன வார்த்த, வேணாம்னு சொன்னா அவரு மனசு நோவும்ன்றாரு!"

"நான் ஒனக்காவத்தானம்மா… திருப்பிக் கேட்டா மாமனாரு ஒன்ன ஏதாச்சும்…"

"மாமாவா? அந்த ஃபிளெக்ஸப் பாத்துட்டுத் தெருவே கேலி பண்ணுது, அவரு அந்தத் தெருவுல நடக்கறதையே வுட்டுட்டாரு. ரெண்டு வருஷத்துல ஒரு நாளு, எம்மா, இது நல்லாருக்குதான்னு எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருப்பியா? எனக்காவ செஞ்சியாம். எனக்காவ!"

சொல்லும்போதே அழுதுவிட்டாள். கோபத்தில் வந்த அழுகை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஸ்கூட்டரைக் கிளப்பினாள். "தோளுக்கு டாக்டருகிட்ட இட்டுக்கினு போவணும். நான் வரேன்."

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பியதும் காசிலிங்கம் தொண்டையைச் செருமினார். "இருந்தாலும் மிசியே, மாப்பிள்ளைய டக்குனு எடுக்கறது மொற இல்ல."

"யோவ்! ஒரு வாரமா எடு எடுன்னு நீதானய்யா என் உசுர வாங்கின!"

"நான் ஆட்டத்தச் சொன்னேன். இது மரியாத விஷயம்."

போதுமடா சாமி என்று கும்பிட்டுவிட்டு, சங்கத்துக்கு எழுதி வைத்திருந்த பட்டியலில் விமல்ராஜ் பெயரை அடித்து, மேலே வெற்றிவேல் என்று பெரிய எழுத்தில் எழுதி, தாளைச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு பைக்கை எடுத்தான் கலியமூர்த்தி. நெஞ்சில் இருந்து அம்மிக்கல்லை இறக்கியது போல இருந்தது. மணி பதினொன்றே கால். பன்னிரண்டுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. டிராயரில் கிடந்த போனை ஞாபகமாக எடுத்துப் பையில் போட்டான், திறக்கத் தோன்றவில்லை.

காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. இந்தப் பக்கமே வரக்கூடாது என்று தெரிந்திருந்தும் அவசரத்தில் வந்து மாட்டிக்கொண்டான். பழைய ஜீன்ஸுக்கும் செருப்புக்கும் நடுவில் பைக்கை உருட்டி, நாலு பேரிடம் திட்டு வாங்கி, வைத்திக்குப்பம் போய்ச் சேரும்போது பதினொன்றே முக்கால். வெற்றிவேல் வீட்டு வாசலில் அவன் அம்மா முத்தம்மாள் மீன்கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் முடித்து அப்போதுதான் வந்திருக்க வேண்டும்.

"வெற்றி இல்லியாம்மா?"

"வா தம்பி. காலாப்பட்டுக்குப் போயிட்டானே. கையெழுத்துப் போட்டாச்சுன்னு இப்பத்தான் போனு பண்ணான்."

"பன்னண்டு மணி வரைக்கும் இருப்பேன்னு சொன்னானேம்மா!"

"இருக்கணும்னுதான் இருந்தான். ஒம்போது மணிக்கு நீ எதையோ போனுல போட்டியாமே. அதப் பாத்தான். ஒனக்கு ரெண்டு தபா அடிச்சான், சுவிட்ச் ஆஃப்னு வந்துச்சாம். அப்பறம் எதுக்கு இருப்பான்?"

கலியமூர்த்தி சட்டைப்பையில் இருந்த தாளை எடுத்து நீட்டினான். முத்தம்மாளுக்குப் படிக்கத் தெரியாது என்பது நீட்டிய பிறகுதான் உறைத்தது. முட்டாள்தனத்துக்கு ஓர் அளவு வேண்டாமா!

அவள் கூடையைக் கவிழ்த்து வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "ஒன்னு கேக்கறேன், மறைக்காம சொல்லுவியா? எனக்கு அந்த ஆட்டம் தெரியாது. மேட்ச்சு முடிஞ்சு வரப்பெல்லாம், நான் சரியாப் போடறது இல்லியாம்மா, அதான் வெக்க மாட்டறாங்களான்னு எங்கிட்ட கேப்பான். நான் என்னத்தக் கண்டேன், தெரியலப்பான்னு சொல்லுவேன். எம்புள்ள சரியா எறியறது இல்லியா?"

"ஐயோ, இல்லம்மா. இந்த ஊருலயே அவன மாதிரி எறிய ஆள் கெடையாது."

"இத அவங்கிட்ட சொன்னியா?"

கலியமூர்த்தி தாளை மடித்துத் திரும்பச் சட்டைப்பையில் வைத்தான். முத்தம்மாள் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்து, மகனுக்கு அடித்து, கலியமூர்த்தி கையில் கொடுத்தாள். "இப்ப சொல்லு."

அந்தப் பக்கம், "சொல்லும்மா" என்றான் வெற்றிவேல்.

"நான் கலியமூர்த்திடா. ஒன்ன மாதிரி பந்து போட நம்ம ஊருல ஆள் இல்லடா. மொத வருஷமே எனக்குத் தெரியும்."

அந்தப் பக்கம் பின்னால் பையன்கள் பந்து எறிகிற சத்தம் கேட்டது.

"எனக்குப் போட வரலேன்னு நெனச்சுத்தான் நீங்க வெக்கலேன்னு இத்தினி நாளு நெனச்சுக்கினு இருந்தேன்" என்றான் வெற்றிவேல். "தெரிஞ்சேதான் உக்கார வெச்சீங்களாண்ணே?"

கலியமூர்த்திக்கு மண்டபமும் மைக்கும் தங்கச்சியும் அவள் மாமனாரும் எல்லாம் வாய்வரைக்கும் வந்தது. எதையும் சொல்லவில்லை.

"ஆமாண்டா" என்றான்.

"சரிண்ணே" என்று வெற்றிவேல் வைத்துவிட்டான். முத்தம்மாள் போனை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, அடுத்த கூடையைக் கழுவ எடுத்தாள்.