பொய்யாண்டவர் விழுங்கிய உண்மை

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், செல்லங்களா. காலை நீட்டிக்கொள்ளுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். உங்களுக்கென்றே ஒரு கதை எடுத்துவைத்திருக்கிறேன்.

ஒரு ஊரில் ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் ஏறுவதற்கு முன், பொய்யாண்டவர் ஓர் உண்மையை விழுங்கிவிட்டார். அது ஒத்துக்கொள்ளாமல் அவருக்கு மூன்று நாள் விக்கல் எடுத்தது. கோயில் கூரையிலிருந்து பதினோரு ஓடுகள் கழன்று விழுந்தன.

அந்த ஊருக்குத் தெய்வங்கள் பதினான்கு. மழைக்கு ஒருத்தி, அடுப்புக்கு ஒருத்தி, எல்லைக்கல்லுக்கு ஒருவர் என்று இருக்க, ஏமாற்றுக்கும் புளுகுக்கும் உரியவர் பொய்யாண்டவர். மற்ற தெய்வங்களின் செருப்பை மாற்றிவைப்பதும், மழைக்காரிக்குத் தப்பு வழி காட்டி நாலு நாள் அலையவிடுவதும் அவர் வேலைதான். ஆனாலும் கூட்டம் அவரிடம்தான் அதிகம். பொய் சொன்னவர்கள் அன்றைக்கே போய் அதை அவர் காதில் ஓதிவிடுவார்கள். அவர் விழுங்கியதும் அந்தப் பேச்சு அதோடு சரி. அப்புறம் எந்த வாயிலிருந்தும் வெளியே வராது.

மூக்குக்கண்ணாடி செய்பவர் ஒருவர் அங்கே இருந்தார். படுக்கையில் விழுந்த அப்பாவை மூன்று வருடம் தனியாளாகத் துடைத்து, புரட்டிப்போட்டு, ஊட்டிவிட்டவர். கடைசி நாளில் அப்பா அவரைத் தேடவில்லை. எட்டு வருடத்துக்கு முன் சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போன மகளைத்தான் தேடினார். "அவளை வரச் சொல்லுடா. அவ மேல எனக்குக் கோபமே இல்ல" என்றார். தையல்காரியான அந்தத் தங்கை தலையில் நூல் பிசிறோடு ஓடி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

"அப்பா என்னைக் கேட்டாராண்ணா?"

"உன் பேச்சையே எடுக்கல."

சொன்ன மறுகணமே அவருக்குக் காதுமடல் கொதித்தது. கோயிலுக்கு ஓடினார். நாலு நாளாகத் தூங்காத மனிதர்; பதற்றத்தில் பொய்யை ஓதுவதற்குப் பதிலாக, அப்பா சொன்னதை அப்படியே ஓதிவிட்டார். ஆண்டவரும் மென்று பார்க்காமல் விழுங்கிவிட்டார்.

"நல்ல ஆளுய்யா நீங்க! பொய்யைக் கொட்டுற இடத்துல நிஜத்தைக் கொட்டிட்டீங்களே" என்றாள், கோயிலில் உடைந்த ஓடுகளைப் பெருக்கிக்கொண்டிருந்தவள்.

"திரும்ப வாங்க முடியாதாம்மா?"

"அவர் வாந்தி எடுத்து நான் பார்த்ததில்லீங்க."

அதன்பின் ஒன்பது வருடம் கண்ணாடிக்காரர் முயன்றார். தங்கையின் முன்னால் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. எழுதினால் எழுத்துகள் எறும்புகளாகி, வரிசை கலையாமல் ஜன்னல் வழியே இறங்கிப் போயின. அப்பா தன்னை வெறுத்தபடியே போய்விட்டார் என்று அவள் நம்பினாள். அவள் தைத்த சட்டையெல்லாம் உப்புக் கரித்தது. வாடிக்கையாளர்கள் இரண்டு முறை அலசிப் போட்டுக்கொள்ளப் பழகிவிட்டார்கள். அண்ணனுக்கும் வருடம் ஒரு சட்டை தைத்துக் கொடுத்தாள். அவர் அதை அலசாமலே போட்டுக்கொண்டார். கழுத்தைச் சுற்றிப் புண்ணானது. அது தனக்கு வேண்டியதுதான் என்றிருந்தார்.

பத்தாம் வருடம், தங்கையிடம் வந்து அப்பா சொன்னதைச் சொல்லும்படி பொய்யாண்டவரின் காலைப் பிடித்துக் கெஞ்சினார். "நான் வரவே மாட்டேன்" என்றார் ஆண்டவர். அவர் வாயைத் திறந்தால் பொய் மட்டுமே வரும் என்பது அங்கே தவழும் பிள்ளைக்கும் தெரியும். மறுநாள் முற்பகலில் தங்கையின் தையல்கடைக்கு வந்து, வெட்டிய துணிக் குவியல்மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அண்ணன் வாசலில் நின்றார்.

"உங்கப்பா உன்னைக் கேக்கவே இல்லம்மா. கடைசி மூச்சு வரைக்கும் உன்மேல கோபமாத்தான் இருந்தாரு" என்றார். அவரிடம் கேட்டது அவ்வளவுதான். ஆனால் அவர் யார்? கண்ணைச் சிமிட்டிக்கொண்டு மேலும் ஒன்று சொன்னார்: "உங்கண்ணன் உன்கிட்ட பொய்யே சொன்னதில்ல."

தையல் இயந்திரம் நின்றது. முதல் இரண்டுக்கும் அவள் சிரித்துக்கொண்டே அழுதாள். கடைக்குள் இருந்த நூற்கண்டுகளெல்லாம் ஒரே நேரத்தில் உலர்ந்தன. மூன்றாவதுக்கு அண்ணனைப் பார்த்தாள்.

"ஒன்பது வருஷம்ணா" என்றாள். திரும்பி ஊசியில் நூல் கோத்தாள்.

ஆண்டவர் அதற்குப்பின் கோயிலுக்குத் திரும்பவில்லை. கண்ணாடிக் கடையின் முக்காலியிலேயே தங்கிவிட்டார். ஊரும் பொய்களைத் தூக்கிக்கொண்டு அங்கேயே வந்தது. "அவ என்னை மன்னிச்சுட்டாளா?" என்று கண்ணாடிக்காரர் ஒருநாள் கேட்டார். எதைக் கேட்டாலும் வாய் ஓயாத தெய்வம் அதற்கு மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவரும் மறுபடி கேட்கவில்லை. கண்ணாடி துடைக்கும் மெல்லிய துணியால் தினமும் மாலையில் ஆண்டவரின் காதைத் துடைத்துவிட்டுக் கடையைச் சாத்துவார். அந்த வருடச் சட்டை கொஞ்சம்கூடக் கரிக்காமல் வந்தது. அதைப் போட்டுக்கொள்ளத்தான் அவருக்குக் கை வரவில்லை.

உங்கள் வீட்டில், கண்ணுங்களா, சொல்ல வேண்டியது சொல்ல வேண்டிய அன்றைக்கே வாய்விட்டு வரட்டும். கேட்க வேண்டியவர் கிட்டவே இருக்கட்டும். எல்லோரும் நன்றாக இருங்கள்.