வெள்ளி மூஞ்சூறு

“இன்னும் கொஞ்சம் குனியணும் சித்தப்பா.”

சித்தப்பா குனிந்தார். சாவுக்கென்று இஸ்திரி போட்டு அணிந்து வந்த கறுப்புக் கால்சட்டையின் முழங்கால்கள் படித்துறையின் ஈரக் கல்லில் பதிந்தன. மூட்டு நெரிபடும் சத்தம் பின்னால் நின்ற அவளுக்கே கேட்டது. அவள் கை கொடுக்கவில்லை. அந்தச் சத்தம் கேட்க நன்றாகவே இருந்தது.

பனி இன்னும் ஆற்றை விட்டு எழவில்லை. பதினொரு மணிக்கு அப்பாவை எடுக்கிறார்கள். அதற்கு முன் நாலு வார்த்தை பேசப் போகிறவர் சித்தப்பாதான். பேச்சை எழுதி, மடித்து, சட்டைப் பையில் வைத்திருந்தார். காலையில் வந்ததும் சவப்பெட்டியின் மேல் சாய்ந்து, சொக்கத் தங்கம் எங்கள் அண்ணன் என்று அவர் அழுதார். அவர் அழுது முடிக்கும்வரை அவள் பொறுத்திருந்து, ஆற்றுவரை ஒரு நடை வருகிறீர்களா என்று மட்டும் கேட்டாள்.

அண்ணன் தம்பி இருவருக்கும் ஒரே அலுவலகம். ஆற்றில் நட்டிருக்கும் அளவுகோலைத் தினமும் காலையில் பார்த்து நீர்மட்டத்தைப் பதிவேட்டில் எழுதுவது அப்பாவின் வேலை. சரிபார்த்துக் கையெழுத்துப் போடுவது சித்தப்பாவின் வேலை, தம்பிதான் மேலதிகாரி. ஒரு குளிர்காலத்தில், ‘குறிப்பு’ என்ற கட்டத்தில் அப்பா எழுதினார்: ‘மூன்றாம் படிக்குக் கீழே ஒரு மூஞ்சூறு நீரில் மூழ்கி நீந்திப் போனது. மூழ்கும்போது வெள்ளியாக மின்னியது.’

சித்தப்பா அதைச் சிவப்பு மையால் அடித்ததோடு விட்டிருக்கலாம். ஆண்டு விருந்தில், எல்லாரும் குடும்பத்தோடு உட்கார்ந்திருக்கும்போது, பதிவேட்டைத் தூக்கிப் பிடித்து வாசித்தார். “மூஞ்சூறு, அதுவும் வெள்ளியில. அண்ணே, தங்கத்துல ஒண்ணு கெடைச்சா எனக்கும் சொல்லுங்க.”

கூடமே குலுங்கியது. பன்னிரண்டு வயதில் அவளும் சிரித்தாள், அப்பாவின் முகத்தைப் பார்க்கும்வரை.

அன்றிலிருந்து அப்பாவுக்குப் பெயர் மூஞ்சூறு. அவர் உள்ளே நுழைந்தால் யாராவது கீச்சென்பார்கள். அவள் கல்யாணத்துக்கு வந்தவர்கள்கூட மூஞ்சூறு வீட்டுக் கல்யாணம் என்றுதான் சொல்லிக்கொண்டு வந்தார்கள். ஓய்வு பெறும்வரை பத்தொன்பது வருஷம் அந்தக் கட்டத்தில் அப்பா ஒரே சொல்லைத்தான் எழுதினார்: ‘ஒன்றுமில்லை.’ ஒவ்வொன்றுக்கும் கீழே சித்தப்பா கையெழுத்துப் போட்டார்.

போன வியாழக்கிழமை மத்தியானம், தலையணையைச் சரிசெய்யக் குனிந்தவளின் காதில் அப்பா சொன்னார்: “அங்கதான் இருக்கு. அவனக் கூட்டிட்டுப் போய்க் காட்டு.” அதற்குப் பிறகு அவர் பேசவில்லை.

மறுநாளே அவள் தனியாக வந்து தேடினாள். மூன்றாம் படிக்குக் கீழே, ஒரு தட்டைக் கல்லின் மேல், உடைந்த நத்தை ஓடுகள் சின்னக் குவியலாகக் கிடந்தன. ஏதோ ஒன்று அங்கே உட்கார்ந்து தின்கிறது. அது போதும் என்று திரும்பிவிட்டாள். சித்தப்பாவை அந்தக் கல்லுக்கு முன்னால் மண்டியிட வைத்து, அவர் கண்ணாலேயே பார்க்க வைத்து, எல்லார் முன்னாலும் அவர் வாயாலேயே சொல்ல வைக்க வேண்டும். அவளுடைய நினைப்பு அவ்வளவுதான்.

தண்ணீர் கல்லை நக்கிக்கொண்டு போயிற்று.

“எனக்கு இந்த எடம் தெரியும்மா,” என்றார் சித்தப்பா, திரும்பாமல். “விருந்துக்கு மறுநாளே வந்தேன். அப்புறம் வருஷா வருஷம் குளிர்ல வருவேன். ஒரு தடவ பாத்துட்டா அண்ணன்கிட்ட போய் நிக்க மொகம் இருக்குமேன்னு.”

அவள் இன்னும் ஒரு படி கீழே இறங்கினாள்.

“இன்னிக்காவது கண்ணுல பட்டுட்டா எல்லார் முன்னாடியும் சொல்லிடுவேன். எனக்கும் மனசு ஆறிடும்.”

மனசு ஆறிடும். அந்தச் சொல்லை அவள் உள்ளுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

மூச்சுக்காற்று பட்டுச் சித்தப்பாவின் கண்ணாடி மங்கிப் போயிருந்தது. அதைக் கழற்றிக் கைக்குட்டையால் துடைக்க ஆரம்பித்தார். அப்போது கல்லிடுக்கிலிருந்து விரல் நீளத்தில் கறுப்பாக ஒன்று வெளியே வந்தது. கூர்மூக்கைத் தூக்கி மோப்பம் பிடித்தது. பிறகு சத்தமில்லாமல் நீரில் வழுக்கியது. அதன் ரோமமெங்கும் காற்றுக் குமிழ்கள் ஒட்டிக்கொள்ள, சித்தப்பாவின் நிழலுக்குள்ளேயே, உருக்கி ஊற்றிய வெள்ளிபோல ஓடி மறைந்தது. அப்பா ஒரு எழுத்துக்கூடக் கூட்டி எழுதவில்லை.

சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “ஏதாவது தெரிஞ்சுதாம்மா?”

நீரில் விரிந்த வளையம் கரையைத் தொட்டு அடங்கும்வரை அவள் பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஒண்ணுமில்ல சித்தப்பா.”

எழுவதற்கு அவர் கையை நீட்டினார். இந்த முறை அவள் பிடித்துத் தூக்கிவிட்டாள்.

வீட்டுக்குத் திரும்பி, சித்தப்பா பேச எழுந்தபோதும் அவருடைய முழங்கால்களில் இரண்டு ஈர வட்டங்கள் இருந்தன. அவர் காகிதத்தைப் பிரித்து வாசித்து, மடித்து வைத்து, உட்காரும்வரை அவை காயவில்லை. அவள் அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியின் பக்கம் திரும்பவில்லை.