வேல்கோ கட்டிய தட்டை வேலி

கடல் மூட்டம் வயலுக்குள் வந்து படுத்திருந்தது. சூரியகாந்திச் செடிகள் அதில் கழுத்தளவு மூழ்கி, மொட்டுகளை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டு, நீந்துகிறவர்களைப் போலத் தெரிந்தன. ரூஸ்கா ஒவ்வோர் இலையாகத் தடவிக்கொண்டே நடந்தாள்.

இந்த வருஷம் விளைந்தே ஆக வேண்டும். நிலம் அவளுக்கும் வார்னா நகரத்தில் இருக்கும் தம்பி பிளமெனுக்கும் பொது. போன இரண்டு வருஷமும் சூரியகாந்தி பூத்த கையோடு இடுப்பு ஒடிந்து விழுந்தது. "இன்னொரு தடவை விழுந்தா பெரிய குத்தகைக்காரன்கிட்ட விட்டுடலாம்க்கா. நீ எங்ககூட ஏழாவது மாடிக்கு வந்துடு" என்று பிளமென் சொல்லிவிட்டான். ஏழாவது மாடியில் அவள் எதை விதைப்பாள்?

வயலின் நடுவில் இலைகள் சுத்தமாக இருந்தன. வடக்கே போகப் போக, இலை ஓரத்தில் பழுப்புக் கறை தென்பட்டது. வேலிக்குப் பக்கத்து வரிசைகளில் கறை இல்லாத செடியே இல்லை. இந்தக் கறைதான் காம்பு வழியே இறங்கித் தண்டுக்குள் இருக்கும் மெல்லிய சோற்றைத் தின்னும். தின்ற பிறகு விழுவதைத் தவிர செடிக்கு வேறு வழியில்லை.

ஆனால் எப்படி வந்தது? நோய் பழைய தட்டையில், காய்ந்த சூரியகாந்தித் தண்டில்தான் குளிர்காலத்தைக் கழிக்கும். மண் தட்டையைத் தின்றுவிட்டால் நோய்க்குக் குடியிருக்க இடமில்லை. தோப்ருஜா வட்டாரத்தில் இது எல்லோருக்கும் தெரியும். அறுவடை முடிந்ததும் அவள் ஒரு தட்டை விடாமல் நறுக்கி மடக்கி உழுதிருந்தாள். போன வருஷம் கோதுமை நின்ற இடத்தில்தான் இந்த வருஷம் விதைத்திருந்தாள்.

அலுத்துப்போய் வேலியில் சாய்ந்து உட்கார்ந்தாள். கண் சொருகியது.

வேலி மூச்சு விட்டது. கட்டுக் கட்டாக நின்ற தட்டைகள், குளிர்காலக் கோட்டைக் கழற்றாமலே கோடை வரை தங்கிவிட்ட விருந்தாளிகளாக மாறின. கோட்டு முழுவதும் கடுகைவிடச் சிறிய கருப்புப் பொத்தான்கள். மூட்டத்தின் ஈரம் பட்டதும் ஒவ்வொரு பொத்தானும் வாய் திறந்து, குளிர்நாளில் குழந்தைகள் ஊதி விளையாடுவதுபோல ஆவி ஊதியது. அந்த ஆவி வெள்ளையாக, மெத்தென்று, அழகாக இருந்தது. அது மிதந்து போய் இளஞ்செடிகளின் முகத்தில் படிந்தது.

திடுக்கிட்டு விழித்தாள். திரும்பி ஒரு தட்டையை உருவினாள். அதன் மேல் கருப்புப் புள்ளிகள். ஒடித்துப் பார்த்தாள், போன இலையுதிர்காலத்தில் வெட்டியபோது இருந்த அதே உறுதி. மண் தொடாமல் காற்றிலேயே நின்றதால் கொஞ்சமும் மக்கவில்லை.

நிலத்துக்கு ஈரம் தரும் பனியை வாடைக்காற்று அள்ளிக்கொண்டு போகாமல் தடுக்க, பக்கத்து நிலத்து வேல்கோ தன் சூரியகாந்தித் தட்டையால் வருஷா வருஷம் கட்டுகிற வேலி அது. மற்றவர்கள் வசந்தத்தில் பிரித்து அடுப்பெரித்துவிடுவார்கள். வேல்கோவுக்கு மனம் வராது.

கடலுக்கு மேல் வானம் கத்தரிக்காய் நிறத்தில் திரண்டது. சாயங்காலம் மழை வரும். ஒரு மழை போதும். கறை நடு வயல் வரை போய்விடும். ரூஸ்கா ஓடினாள்.

வேல்கோவின் முற்றத்தில் அவர் மனைவி ஸ்தான்கா செர்ரிப் பழத்துக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை சிவப்பு.

"யாரைக் கொன்னுட்டு வந்தீங்க?" என்றாள் ரூஸ்கா, மூச்சிரைக்க.

"இன்னும் கொல்லலை. அதோ உள்ள தூங்குறாரு."

வேல்கோ கொட்டாவியோடு வெளியே வந்தார். ரூஸ்கா தட்டையை நீட்டி விஷயத்தைச் சொன்னாள்.

"என் வேலிக்கா நோய்? பக்கத்து ஊர்க்காரன் வந்து போட்டோ எடுத்துட்டுப் போறான், தெரியுமா? உன் நிலத்துல பனி தங்குறதே அதாலதான்."

"தங்குது அண்ணே, இல்லைங்கலை. பனியோட இதுவும் தங்குதே."

"உன் விதையில கோளாறு இருக்கும்."

"பதினெட்டு வருஷமா எனக்கு ஒரு அலமாரிக் கதவு மாட்டித் தரலை" என்றாள் ஸ்தான்கா. "வேலிக்கு மட்டும் பொண்டாட்டிக்கு ஜடை பின்னுற மாதிரி முடிச்சுப் போடுவாரு. போய்ப் பாருய்யா. பார்த்தா குறைஞ்சா போயிடுவ?"

வேல்கோ ஸ்தான்காவோடு வந்து பார்த்தார். வேலியோரம் நடந்தார், நடு வயலுக்குப் போனார், திரும்பி வந்தார். அவருடைய நிலத்துப் பக்கம் பழுத்த கோதுமை அசைந்தது. அவர் முகம் சுருங்கியது.

"போன ரெண்டு வருஷமும் இதனாலதானா?"

ரூஸ்கா கடலுக்கு மேல் திரண்டிருந்த மேகத்தைக் காட்டினாள்.

"நெருப்பு வெச்சா ஒரு நொடியில தீர்ந்துடும்" என்றார் வேல்கோ.

"பக்கத்துல கோதுமையை வெச்சுக்கிட்டா?" என்றாள் ரூஸ்கா. "ஊரைக் கொளுத்திட்டு எங்க போய் இருக்கப்போறோம்?"

"பட்டாணி அறுத்த நிலம் அந்தக் கோடியில சும்மாதான் கிடக்கு. நறுக்கி அதுல புதைச்சுடலாம்" என்று சொல்லிவிட்டு, வேல்கோ தன் கையால் போட்ட முதல் முடிச்சை அறுத்தார்.

மூவரும் கட்டுகளை இறக்கினார்கள். கறை பட்ட ஓர வரிசைகளையும் ரூஸ்கா வெட்டி வண்டியில் போட்டாள். மொட்டுகளைப் பார்க்காமல் வெட்டினாள். கடைசிக் கட்டு நறுக்கப்பட்டு விழுந்தபோது முதல் துளி விழுந்தது. மழையிலேயே வேல்கோ உழுதார். புரண்ட மண் கருப்பாக, சூடாக, ஒவ்வொரு தட்டையையும் விழுங்கியது.

"குளிர்காலத்துல பனியெல்லாம் கடலுக்குப் பறக்கப்போகுது, பாரு" என்றார் வேல்கோ.

"பறக்கட்டும் அண்ணே."

ஆகஸ்டில் பிளமென் குத்தகைக்காரரின் தொலைபேசி எண்ணோடு வந்தான். வந்த வேகத்தில் வயலுக்குள் நுழைந்தான், விழுந்த செடியைக் காட்டப்போகிறவனாக. ரூஸ்கா வெளியிலேயே நின்றாள். ஆளுயரத்துக்கு மேல் பூக்கள் நின்றன, மஞ்சள் வெளிச்சம் நிலத்திலிருந்தே கிளம்புவதுபோல. தேனீக்களின் இரைச்சல் மட்டும் கேட்டது.

பிறகு எங்கிருந்தோ தம்பியின் குரல் வந்தது.

"அக்கா! எந்தப் பக்கம் வெளியே வர்றது?"

"குத்தகைப் பேச்சு என்னாச்சு?"

"அதை விடுக்கா! முதல்ல வழியைச் சொல்லு!"

ரூஸ்கா சிரித்துக்கொண்டே உள்ளே நுழைந்தாள்.