வண்டிக்கு ஊற்றிய உரம்

மம்சாபுரம் விலக்கு தாண்டியதும் வண்டி இழுவையை விட்டுவிட்டது. பாண்டிதுரை அழுத்திய கால் அழுத்தியபடியே இருக்க, வேகமுள் மட்டும் இருபதில் ஒட்டிக்கொண்டு நின்றது. பின்னால் வந்த டவுன் பஸ் அலறிக்கொண்டே முந்திப் போனது. ஜன்னலோரத்துப் பெண்கள், லாரி கேபினில் சேலை கட்டி உட்கார்ந்திருந்த வெங்கடேஸ்வரியைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். அவள் அவர்களைப் பார்க்கவில்லை. ஸ்டியரிங்குக்குப் பின்னால் மஞ்சளாய் எரிந்த விளக்கைத்தான் பார்த்தாள். இரண்டு நாளாக எரிந்துவிடக் கூடாதே என்று அவள் பயந்துகொண்டிருந்த விளக்கு அது.

"பாத்தியாட்டி உன் புது வண்டிய," என்றான் அவள் புருஷன்.



வண்டி வாங்கும்போது இருவருக்கும் ஒரு மாதம் வாக்குவாதம் நடந்தது. பட்டாளத்தில் பதினேழு வருசம் லாரி ஓட்டிவிட்டு வந்தவன் அவன். பழைய வண்டி போதும், ஒரு ஸ்பேனரும் கொஞ்சம் கட்டுக்கம்பியும் இருந்தால் நடுக்காட்டில் நின்றாலும் கிளப்பிவிடலாம் என்றான். அவள்தான் பிடிவாதமாக நின்று புதியதை எடுக்கவைத்தாள். புகைக்கான சட்டம் மாறிவிட்டது, பழையதை வைத்துக்கொண்டு வருசா வருசம் தகுதிச் சான்று வாங்க எஃப்சிக்கு அலைய முடியாது, டீசலும் புதியதற்குக் குறைச்சல்தான் ஆகும் என்றாள். அவள் சொன்னபடி லிட்டருக்கு ஒரு கிலோமீட்டர் கூடத்தான் ஓடியது. ஆனால் புகையைச் சுத்தப்படுத்தவென்று வண்டியின் விலாவில் தனி டேங்க் ஒன்று இருந்தது. பெட்ரோல் பங்கில் கேனில் விற்கும் யூரியாத் தண்ணீரை அதில் ஊற்றவேண்டும். அது தீர்ந்தால் வண்டி கிளம்பாது. போதாக்குறைக்கு, சேர்ந்த கரியைத் தானே எரித்துக்கொள்ள வேண்டும் என்று சில நாள் ரோட்டோரம் நின்று அரைமணி நேரம் சும்மாவே டீசலைக் குடிக்கும். அப்போதெல்லாம் அவன் வாய் ஓயாது. பட்டாளத்தில் எந்த வண்டியும் தன்னிடம் உரம் கேட்டதில்லை என்று டீக்கடை டீக்கடையாகச் சொல்லிச் சிரிப்பான்.

அந்தச் சிரிப்பைக் கேட்கச் சகிக்காமல்தான் திங்கட்கிழமை அவள் அந்த வேலையைச் செய்தாள்.

இன்றைக்கு மூன்றாவது லோடு. ராஜபாளையத்துப் பேண்டேஜ் கம்பெனியில் மூன்று லோடு பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றிருந்தார்கள். இதுவும் நாலு மணிக்குள் மதுரைக் கிடங்கில் இறங்கிவிட்டால் மாதம் பூராவும் லோடு இவர்களுக்கு. மணி பதினொன்று.

ஊர்ந்து ஊர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் வந்து, மடவார் வளாகத்துக்குத் திரும்பும் வழியிலிருந்த சுந்தரபாண்டியன் பட்டறையில் வண்டியை நிறுத்தினார்கள். அவன் பாண்டிதுரைக்குத் தம்பி முறை. வண்டியை ஒரு சுற்று சுற்றிவந்தான். வண்டிக் கம்பெனிக்காரன் மதுரையிலிருந்து லேப்டாப்போடு வரவேண்டும் என்றான். போன் போட்டால், மூன்று மணிக்கு முன்னால் ஆள் இல்லை என்று பதில் வந்தது.

"இன்னொரு வழி இருக்கு," என்று சுந்தரபாண்டியன் குரலைத் தாழ்த்தினான். "இந்த டேங்கு, பைப்பு எல்லாத்தையும் கழத்திப்போட்டுட்டு ஒரு சின்னப் பெட்டி மாட்டிருதேன். எல்லாம் சரியா இருக்குன்னு அது இஞ்சின்கிட்ட பொய் சொல்லிக்கிட்டே கெடக்கும். ஒரு மணி நேர வேலை. நாலு மணிக்கு நீங்க மதுரையில இருக்கலாம்."

"கேரண்டி?" என்றாள் வெங்கடேஸ்வரி.

"அது போயிரும் மதினி. எஃப்சியிலயும் ஒருநா மாட்டும்."

"கழத்துலே," என்றான் பாண்டிதுரை. "பீடை ஒழியட்டும்."

அவள் குழாயடிக்குப் போய் முகத்தைக் கழுவினாள். திரும்பி வந்தாள். மறுபடியும் போய்க் கையைக் கழுவினாள். சும்மா இருந்தால் லோடு போய்ச் சேரும், வண்டியும் தொலைந்த மாதிரிதான். சொன்னால் லோடு போச்சு. அதோடு, ஆயுசுக்கும் அவன் சொல்லிக்காட்ட ஒரு கதை கிடைத்துவிடும். சுந்தரபாண்டியன் தரையில் சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் நுழைந்தான். நட்டில் ஸ்பேனர் மாட்டுகிற சத்தம் கேட்டது.

"தம்பி, அதத் தொடாதீங்க," என்றாள். "மொதல்ல அந்த டேங்கு மூடியத் தொறந்து மோந்து பாருங்க."

அவன் வெளியே வந்து திறந்தான். குனிந்தவன் தலையை வெடுக்கென்று பின்னுக்கு இழுத்தான்.

"வேப்பெண்ணெ வாடைல்ல அடிக்கி."

பிறகு அவள் எல்லாவற்றையும் சொன்னாள். திங்கட்கிழமை டேங்கில் யூரியாத் தண்ணீர் அடியைத் தொட்டிருந்தது. பங்கில் கேன் வரவில்லை. வீட்டில் மக்காச்சோளத்துக்கு வாங்கிய யூரியா மூட்டை பிரித்தபடி இருந்தது. அதுவும் யூரியா, இதுவும் யூரியாதானே என்று கரைத்து ஊற்றிவிட்டாள். உர மூட்டையில் இருப்பதற்கு வேப்பெண்ணெய் பூசியிருப்பார்கள், பயிருக்கு அது நல்லது, இஞ்சினுக்கு ஆகாது என்பதெல்லாம் அப்போது அவளுக்குத் தெரியவில்லை; ஊற்றி முடித்த பிறகு அடித்த வாடையில்தான் பயம் வந்தது.

பாண்டிதுரை இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றான். அவன் உதடு சிரிக்கத் தயாரானதை அவள் பார்த்தாள்.

அதற்குள் சுந்தரபாண்டியன் அடி நட்டைத் தளர்த்தி, டேங்கிலிருந்ததை ஒரு வாளியில் இறக்கிவிட்டிருந்தான். வாளியின் அடியில் சிவப்பாய் ஏதோ படிந்தது. விரலில் எடுத்துத் தேய்த்தான்.

"வேப்பெண்ணெ சரி மதினி. செம்மண்ணையும் ஏன் சேத்தீங்க?"

"செம்மண்ணா? நான் குடிக்கிற கேன் தண்ணியிலதான் கரைச்சேன். பேண்டேஜ் துணிய நாலா மடிச்சு வடிகட்டித்தான் ஊத்துனேன். ஒரு தூசி உள்ள போயிருக்காது."

நாலு மடிப்புத் துணிக்குத் தப்பி செம்மண் எப்படிப் போகும்? மூவரும் வாளியையே பார்த்தார்கள். பாண்டிதுரை மட்டும் முதலில் கண்ணை எடுத்து ரோட்டைப் பார்த்தான்.

"ஏங்க," என்றாள் அவள்.

"போன வாரம் செண்பகத்தோப்புக்குத் தேங்காய் ஏத்தப் போனேன்லா," என்றான் அவன், ரோட்டைப் பார்த்தபடியே. "இந்த டேங்கு முள்ளு கீழ எறங்கிருச்சு. நின்னு போச்சுன்னா யானை வார எடம். கெணத்துல மோந்து ரெண்டு சொம்பு ஊத்துனேன்."

"எங்கிட்ட சொல்லல?"

"நீ சொன்னியாட்டி?"

சுந்தரபாண்டியன் ஸ்பேனரைத் துணியில் துடைத்துப் பெட்டிக்குள் போட்டான். "இஞ்சின் மேல ஒரு குத்தமும் இல்ல அண்ணே. டேங்கக் கழுவி நல்லத ஊத்துனாலும் கம்பெனிக்காரன் லேப்டாப்ப வச்சாத்தான் வண்டி வேகமெடுக்கும். இப்ப என்ன, கழத்தவா வேண்டாமா?"

பாண்டிதுரை வாளியைக் காலால் ஓரமாக நகர்த்தினான். வேண்டாம் என்று தலையை மட்டும் ஆட்டினான்.

பேண்டேஜ் கம்பெனியில் லோடு பார்க்கிற கல்பனாவுக்கு வெங்கடேஸ்வரியே போன் செய்தாள். வேறு வண்டி அனுப்பச் சொன்னாள். என்ன கோளாறு என்று கல்பனா கேட்டபோது, வண்டியில் ஒன்றும் இல்லை, நாங்கள்தான் கண்டதை ஊற்றிவிட்டோம் என்று மறைக்காமல் சொன்னாள்.

"மூணாவது லோட எண்ண முடியாது அக்கா," என்றாள் கல்பனா. "நாலாவது ஒண்ணு தாரேன். அத வச்சுத்தான் முடிவு. கேன்ல விக்கிறத மட்டும் ஊத்துங்க."

ஒரு மணிக்கு மாற்று வண்டி வந்தது. பழைய வண்டி. பட்டறை முன்னால் திரும்பும்போது கக்கிய கரும்புகையில் அவள் இருமித் தீர்த்தாள். பாண்டிதுரை இறக்குகிற ஆட்களோடு தானும் பண்டல்களைத் தூக்கி மாற்றினான். பழைய வண்டி உறுமிக்கொண்டு மதுரைப் பக்கம் போனது. அது போன திசையை ஏக்கமாகப் பார்ப்பான் என்று நினைத்தாள். அவனோ வாளியின் அடியைத்தான் பார்த்துக்கொண்டு நின்றான்.

மணி இரண்டரை. அவன் உட்கார்ந்தான், எழுந்தான், டேங்க் மூடியைத் திருகிப் பார்த்தான், மறுபடி உட்கார்ந்தான்.

"வண்டிக் கம்பெனிக்காரன் வந்து கேட்டா என்னட்டி சொல்ல?"

"நடந்ததச் சொல்ல வேண்டியதுதான்."

"அப்ப நீ ஆரம்பி."

"நான் எதுக்கு? மொதல்ல போனது உங்க கெணத்துத் தண்ணிதான," என்றாள் வெங்கடேஸ்வரி. "அதச் சொல்லி முடிங்க. பொறவு நான் சொல்லுதேன்."