வினையூக்கியின் இடது கை

நூல் தயாரிக்கும் இடத்தில் நான் வினையூக்கியாக இருக்கிறேன். நிரந்தர வேலை. வினையூக்கி கடைசிவரை மாறக் கூடாது என்பதால் பதவி உயர்வு கிடையாது.

ஆபரேஷன் செய்த வயிற்றைத் தைக்கிற நூல். தைத்தபின் பிரிக்க வேண்டாம், உடம்பே கரைத்துக்கொள்ளும். அதனால் வினையூக்கியிடம் பொட்டு உலோகம்கூட இருக்கக் கூடாது. எனக்கு முன்னால் இந்த வேலையைப் பார்த்தது தகரம். கொஞ்சம் நூலிலேயே தங்கிவிட்டதாம், அனுப்பிவிட்டார்கள். நான் மூக்குத்தியைக் கழற்றினேன். தாலியையும் கழற்றிப் பையில் போட்டேன். மஞ்சள் கயிறு இருக்கட்டும் என்றார்கள். அதில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கோத்துக்கொண்டேன். வீட்டுக்காரர் போட்ட மூன்று முடிச்சும் அப்படியே இருக்கின்றன.

வேலை ஒன்றும் கஷ்டமில்லை. ஆட்கள் வளையமாக வருவார்கள். தங்கள் கால் கட்டைவிரலைத் தாங்களே பிடித்துக்கொண்டு உருண்டு வருவார்கள். நான் தொட்டால் வளையம் திறக்கும். திறந்தவர் எழுந்து முன்னால் நிற்பவரின் கையைப் பிடித்துக்கொள்வார். சங்கிலி நீளும். அதற்குத் தகுந்தபடி தாழ்வாரமும் நீளும்.

இந்த நூலுக்கு இரண்டு வகை ஆட்கள் சேர வேண்டும். லாக்டைடுகள் அவசரக்காரர்கள், விரல் பட்டதும் திறந்துகொள்வார்கள். கார்பனேட்டுகளைத் தட்டித் தட்டி எழுப்ப வேண்டும். என் கை அசந்தால் அவசரக்காரர்கள் எல்லோரும் ஒரே பக்கம் சேர்ந்துவிடுவார்கள். நூல் விறைத்துப்போய் ஒடியும். மாற்றி மாற்றிக் கோத்தால் வளையும், காலத்தோடு கரையும். எல்லாம் கை ராசி.

வளையங்கள் தீர்ந்ததும் சூப்பர்வைசர் ஞானராஜ் என் இரண்டு கையிலும் எலுமிச்சம்பழம் பிழிவார். புளிப்பு பட்டால்தான் கை நிற்கும். படாவிட்டால் அது சும்மா இருக்காது. கோத்ததையே வெட்ட ஆரம்பித்துவிடும்.

இன்று ஒரு கார்பனேட் வளையம் உருண்டு வந்து என் காலில் முட்டியது. குனிந்து பார்த்தால் என் வீட்டுக்காரர்.

“ஏங்க! நீங்க எங்க இங்க?”

“வரிசை இருந்துச்சு. நின்னேன்.”

“எதுக்குன்னு கேக்க மாட்டீங்களா?”

“கேக்கப் போனா எடம் போயிடும், மரகதம்.”

வரிசையைக் கண்டால் நிற்கிற மனுஷன். ஒருமுறை முன்பின் தெரியாதவர் சாவில் நின்று மாலை போட்டுவிட்டு வந்தார்.

தொட்டால் இவர் நூலாகிவிடுவார். யாரோ ஒருவரின் வயிற்றுக்குள் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்துபோவார். கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“உருண்டு போயிடுங்க,” என்றேன்.

“பின்னாடி ஆள் நிக்கிறாங்க இல்ல?”

பின்னால் இருந்தவர்கள் தள்ளினார்கள். நான் தடுமாறினேன். தள்ளத் தள்ள என் விரல்கள் அவர் தோளில் மறுபடி மறுபடி பட்டன. அவர் திறந்துகொண்டார்.

எழுந்து முன்னால் நின்றவரின் கையைப் பிடித்தார். “நல்லாத்தான் இருக்கு. முதுகுவலி போன எடம் தெரியல,” என்றார். பாவி மனுஷன்! அவருக்குப் பின்னால் மற்றவர்களும் என் கை பட்டுக் கோத்துக்கொண்டார்கள். வளையங்கள் தீர்ந்துபோயின.

“சார், பழம்!” என்று கத்தினேன்.

ஞானராஜ் டப்பாவைத் திறந்துவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எலுமிச்சை சாதம்.

“பழம் எங்க சார்?”

“இதாம்மா.” வாயைத் துடைத்தார். “வாடிப்போகுதேன்னு வீட்ல குடுத்தேன். நல்லா வந்திருக்கு.”

“கை நிக்காதே சார்!”

“ஐயையோ. ஆமால்ல.”

டப்பா காலியாக இருந்தது.

என் கைகள் கிளம்பின. சங்கிலியின் கடைசி ஆளைத் துண்டித்தன. அவர் வளையமாகிப் பிழைத்துப் போவார் என்று ஒரு நப்பாசை இருந்தது. அவர் பாதி வளையமாகத் தரையில் கிடந்தார். அடுத்தவர் பாதிகூட இல்லை. கைகள் என்னை இழுத்துக்கொண்டு ஒவ்வொரு ஆளாக முன்னேறின.

“ஏங்க, கையை விட்டுட்டு ஓடுங்க!”

“விட்டா எடம் போயிடும்.”

“சார், புளிப்பா ஏதாச்சும் குடுங்க!”

ஞானராஜ் டப்பா மூடியைத் திருப்பிப் பார்த்தார். ஓரத்தில் எலுமிச்சை ஊறுகாய், ஒரே ஒரு துண்டு.

“ஒரு கைக்குத்தான் வரும். எந்தக் கைன்னு சொல்லு.”

என் வலது கை அதற்குள் என் வீட்டுக்காரரின் கையைப் பிடித்திருந்தது. “வலது, வலது!” என்று அலறினேன். பிழிந்தார். எரிந்தது. கை நின்றது. அவர் விரல்களுக்கு உள்ளேயே நின்றுவிட்டது. இழுத்தேன். வரவில்லை.

ஞானராஜ் குனிந்து பார்த்தார். “வினையூக்கி உள்ள மாட்டிக்கிச்சு.”

“எடுத்து விடுங்க சார்.”

“எதுக்கும்மா? உலோகமா என்ன? பாஸ் ஆயிடும்.” என் பையை எடுத்து ஆணியில் மாட்டினார். உள்ளே தாலி கிணுகிணுத்தது. “இது இங்க பத்திரமா இருக்கும்.” டப்பாவைக் கழுவப் போய்விட்டார்.

“நீயும் வந்துட்டியா? நல்லதாப் போச்சு,” என்றார் வீட்டுக்காரர். எனக்கு இடம்விட்டுக் கொஞ்சம் நகர்ந்து நின்றார். “எங்க போறோம்?”

“யாரோ வயித்துக்குள்ள.”

“வெயில் இருக்காது,” என்றார்.

அவர் கை வெதுவெதுப்பாக இருந்தது. சரி, கரைந்தாலும் சேர்ந்தே கரைவோம் என்று நினைத்தேன். கொஞ்ச நேரம் பயம் விட்டிருந்தது.

அப்புறம்தான் இடது கை ஞாபகத்துக்கு வந்தது. அதில் ஒரு சொட்டுப் புளிப்பும் படவில்லை. அது என் இடுப்போரத்தில் இருந்து எழுந்தது. சேலை மேல் ஊர்ந்து ஏறியது. கழுத்தில் மஞ்சள் கயிற்றைக் கண்டுபிடித்துத் தடவிப் பார்த்தது.

“ஏங்க, என் இடது கையைப் பிடிங்க!”

அவர் திரும்பிப் பார்த்தார். அவருடைய ஒரு கை என்னிடம் இருந்தது. மறு கை முன்னால் நின்றவரிடம் இருந்தது.

“முன்னாடி ஆளை விடுங்க! சீக்கிரம்!”

“விட்டா எடம் போயிடும், மரகதம்.”

முதல் முடிச்சு அவிழ்ந்தது.