இடது பக்கம் ஒன்பதரை

அண்ணன் செத்துப் பதினைந்தாம் நாள், சனிக்கிழமை மத்தியானம், அண்ணி போன் பண்ணினார். மூன்று வருடத்தில் அவர் எனக்குப் பண்ணிய இரண்டாவது போன் அது. முதலாவது அண்ணன் செத்த அன்று.

"தம்பி, உங்கண்ணன் ரேடியோல சத்தமே வரல. நாளைக்குக் காரியம். அதுக்குள்ள அவரு வெச்ச மாதிரியே எனக்கு வேணும். உனக்குத்தான் ஒயர் வேலையெல்லாம் தெரியும்லா."

அவர் ரேடியோ என்றது ஹோம் தியேட்டர் ப்ராசசரை, ஸ்பீக்கர்களுக்குச் சத்தத்தைப் பிரித்து அனுப்பும் பெட்டியை. சுங்கைப் பட்டாணியில் ஒரு கரோக்கே கடை மூடியபோது அண்ணன் அதையும் ஐந்து ஸ்பீக்கரையும் வாங்கி வந்திருந்தான். ரிமோட்டில் நாற்பது பொத்தான்கள். வீட்டில் மற்றவர்களுக்கு அதில் இரண்டுதான் தெரியும்.

கரங்கானில் நான் வாடகைக்கு இருக்கும் அறையிலிருந்து கோலா கெத்திலில் இருக்கும் அண்ணன் வீட்டுக்கு மோட்டோவில் முக்கால் மணி நேரம். வழி முழுக்கச் செம்பனை. கூப்பிட்டார்களே என்று எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை மறைத்து என்ன ஆகப்போகிறது.

குலிமில் ஒரு கம்பெனியில் எனக்கு நைட் ஷிப்ட் வேலை வாங்கிக் கொடுத்தவன் அண்ணன் காளிதாசன். ஏழு மாதம் போனேன். எட்டாவது மாதம் போகவில்லை. பகலில் தூக்கம் வரவில்லை என்று சொன்னேன், அது பாதி உண்மை. மீதிப் பாதி எனக்கே தெரியாது. அண்ணன் என் அறைக்கு வந்து கையைப் பிடித்து இழுத்தான். "படிப்பையும் பாதியில விட்ட. இதையும் விடுறியா?" என்றான். அறைந்தேன். ஒரே அறை. அவன் தலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். பிறகு மோட்டோவை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அதோடு பேச்சு நின்றது.

அதை அவன் வீட்டில் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அண்ணி என்னைக் கொள்ளி வைக்க விட்டிருக்க மாட்டார். அண்ணனுக்கு சாந்தினி ஒரே பெண், பன்னிரண்டு வயது. கொள்ளிக்கு ஆள் வேண்டியிருந்தது. அப்படித்தான் அந்த வீட்டுக்குள் மறுபடி நுழைந்தேன். சுடுகாட்டிலிருந்து திரும்பியதும் அண்ணி எனக்குச் சோறு போட்டு, "இனிமே அடிக்கடி வந்துட்டுப் போ" என்றார். அந்த வார்த்தையைக் கெடுத்துக்கொள்ளக் கூடாது. எனக்கு இருந்த ஒரே கவலை அதுதான்.

தாமான் குடியிருப்பில் வரிசை வீடுகள். ஒரு சுவருக்கு இரண்டு குடும்பம். கேட்டைத் திறக்கும்போது பக்கத்து வீட்டுப் பரஞ்சோதி அண்ணன் காரைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ரேடியோ ரிப்பேரா? வேணாம் தம்பி, விட்டுரு. ரெண்டு வாரமா எங்க வீட்டுச் சுவரு ஆடாம நிக்குது."

"அவ்ளோ சத்தமாவா வைப்பாரு?"

"சத்தம்னா சத்தமா? இந்தப் பக்கத்து ஸ்பீக்கரைத்தான் போட்டு வாங்குவாரு. நானும் சுவத்துல குத்துவேன். அவரு குறைப்பாரு. அஞ்சு நிமிஷத்துல மறுபடி ஏத்துவாரு. நானும் மறுபடி குத்துவேன்." சிரித்தார். பிறகு குழாயை மூடிவிட்டுத் துணியைப் பிழிந்தார். "நல்ல மனுஷன்லா" என்றார்.

சவத்தைக் கிடத்த இடம் வேண்டும் என்று யாரோ ஒயர்களையெல்லாம் பிடுங்கி ஸ்பீக்கர்களை மூலையில் அடுக்கியிருந்தார்கள். தரையில் சதுரமாகத் தூசித் தடம் இருந்ததால் அவற்றை எங்கே வைப்பது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. அண்ணன் ஒவ்வொரு ஒயரிலும் டேப் ஒட்டிப் பேனாவால் எழுதியிருந்தான். சிவப்பைச் சிவப்பில், கறுப்பைக் கறுப்பில் செருகினேன். டிவியில் மெனுவைத் திறந்து, எந்தப் பொருள் எந்தத் துளையில் என்பதைத் திருத்தினேன். பெண்டிரைவில் இருந்த அண்ணனின் பாட்டு ஒன்று ஓடியது.

அண்ணி அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "வந்துருச்சு!" என்றார்.

அத்தோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

சத்தம் கோணலாக இருந்தது. இரண்டு ஸ்பீக்கரும் சமமாக இருந்தால் பாடுகிற குரல் நடுவில், டிவிக்கு நேராக நிற்கும். இது இடது ஸ்பீக்கருக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொண்டு கத்தியது. மெனுவில் ஸ்பீக்கர் லெவலைப் பார்த்தேன். வலது பக்கம் பூஜ்யம். இடது பக்கம் ஒன்பதோ பத்தோ. யாரோ ரிமோட் மேல் உட்கார்ந்திருப்பார்கள் என்று நினைத்தேன். இந்த மாதிரிப் பெட்டிகளோடு ஒரு சின்ன மைக் வரும். அதைச் செருகி அண்ணனின் நாற்காலியில் வைத்தால், பெட்டியே ஒவ்வொரு ஸ்பீக்கராகச் சத்தம் விட்டு, அளந்து, தானே எல்லாவற்றையும் சரி செய்துகொள்ளும். செருகினேன். பழைய அளவு அழிந்துவிடும், பரவாயில்லையா என்று திரை கேட்டது. படித்தேன். படித்துவிட்டுத்தான் ஆம் என்று அழுத்தினேன்.

ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. குரல் ஆணி அடித்த மாதிரி நடுவில் நின்றது.

அண்ணி அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். பாட்டு பாதி ஓடுவதற்குள் எழுந்தார்.

"இது இல்ல தம்பி."

"இப்பத்தான் அண்ணி சரியா இருக்கு. முன்னாடி கோணலா இருந்துச்சு."

"கோணலாத்தான் இருக்கும். அவரு அப்படித்தான் வெச்சாரு. சாந்தினிய டேப் பிடிக்கச் சொல்லி மூணு நாள் அளந்தாரு. கொஞ்சம் ஏத்துவாரு, போய் உக்காருவாரு, எழுந்திரிச்சு வந்து மறுபடி ஏத்துவாரு. நான்கூடத் திட்டினேன், இது என்னா குழந்தைக்கு மருந்தா ஊத்துறீங்கன்னு. ஒரு காது அவருக்குச் சரியாக் கேக்காதுல்ல. உனக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"மூணு வருஷமா. மெஷின் சத்தத்துல ஜவ்வு போச்சுன்னாரு. நான் அவரு கம்பெனிக்கே போய் சூப்பர்வைசரப் பிடிச்சுச் சண்டை போட்டேன். வேணாம் யோகேஸ்வரி, வேணாம்னு என்னை இழுத்துக்கிட்டு வந்தாரு."

என் வலது கை ரிமோட்டைப் பிடித்திருந்தது. எதிரே நிற்கிறவனை வலது கையால் அறைந்தால் அவனுக்கு எந்தப் பக்கம் விழும் என்று கணக்குப் போட வேண்டியதில்லை. அவன் தலையைப் பிடித்துக்கொண்டு நின்றான் என்று சொன்னேன். பிடித்தது தலையை இல்லை.

அவன் செத்தது இதயத்தால். நாற்பத்தாறு வயதில், வேலையில், மாடிப்படியில். அதற்கும் காதுக்கும் சம்பந்தமில்லை. மருத்துவமனைக் காகிதத்தை நானே படித்திருக்கிறேன்.

"பழசு எங்க? அதைத் திருப்பிக் கொண்டா" என்றார் அண்ணி.

"அழிஞ்சிருச்சு."

அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மெனுவில் எல்லாப் பக்கத்திலும் தேடினேன். பழைய அளவைச் சேர்த்து வைக்க மூன்று இடம் இருந்தது. மூன்றும் காலி. அண்ணன் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறானா என்று அண்ணி மேஜை இழுப்பறையைக் கவிழ்த்துக் கொட்டினார். கரண்ட் பில், சாந்தினியின் ரிப்போர்ட் கார்டு, பேட்டரி, பிளாஸ்டிக் பையில் பாதிச் சுருள் பஞ்சு. அண்ணன் மூக்கில் வைக்க வாங்கியதில் மிச்சம்.

"அவரு வெச்ச மாதிரியே வேணும்னு சொன்னேன்தானே" என்றார். சத்தம் போடவில்லை. போட்டிருக்கலாம்.

அவன் எப்படி அளந்தானோ அப்படி அளப்பதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. பஞ்சைக் கிள்ளி உருட்டிக் காதில் அடைத்தேன். இறுக்கமாக. நாற்காலியில் போய் உட்கார்ந்து பாட்டை முதலிலிருந்து ஓட விட்டேன். குரல் சரிந்து வலது பக்கம் போய்விட்டது. இடது பக்கம் ஒரு ஸ்பீக்கர் இருப்பதே தெரியவில்லை. மூன்று வருடம் அவன் இதைத்தான் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தானா என்று தோன்றியது. பிறகு புரிந்தது. இல்லை, இப்படிக் கேட்காமல் இருக்கத்தான் மூன்று நாள் அளந்தான்.

இடது பக்கத்தை ஏற்றினேன். இரண்டு. நான்கு. குரல் அசையவில்லை. ஆறில் கொஞ்சம் நகர்ந்தது. ஏழரை. ஒன்பது. ஒன்பதரையில் அது நடுவுக்கு வந்து நின்றது, டிவிக்கு நேராக, யாரோ வந்து நிற்கிற மாதிரி.

சுவரில் மூன்று குத்து விழுந்தது.

அண்ணி அடிவயிற்றிலிருந்து ஒரு சத்தம் போட்டார். வாயைப் பொத்திக்கொண்டார். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பரஞ்சோதி அண்ணனின் குரல் வந்தது. "அய்யோ, மன்னிச்சுக்க தங்கச்சி! கைப் பழக்கம்! நீ வெச்சுக்க, வெச்சுக்க!"

"இதுதான்" என்றார் அண்ணி. "தம்பி, இதுதான். இதேதான்." கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். பிறகு காதை.

பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. அவர் ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கிச் சத்தத்தை நிறுத்தினார். அவருக்குத் தெரிந்த இரண்டு பொத்தானில் அது ஒன்று.

"எந்தக் காதுன்னு நான் சொல்லலியே."

ஸ்பீக்கரை வைத்துக் கண்டுபிடித்தேன் என்று சொல்லியிருக்கலாம். இடது பக்கம் ஏற்றியிருந்தான், ஆகவே இடது காது. அது பொய்யும் இல்லை. வாய்வரை வந்தது. அவர் என் வலது கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான்தான் அண்ணி. வேலைய விட்டப்ப கூப்பிட வந்தாரு. அறைஞ்சுட்டேன்."

அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். வெளியே பரஞ்சோதி அண்ணன் வாளியை நகர்த்தும் சத்தம் கேட்டது.

"அந்த சூப்பர்வைசரு நல்ல மனுஷன்" என்றார் கடைசியில். "நான் அவரைப் பேசாத பேச்சு இல்ல. சாவுக்குக்கூட வந்தாரு. நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன்."

ரிமோட்டை என்னிடம் நீட்டினார்.

"சேவ் பண்ணிட்டியா?"

"இல்ல."

"பண்ணு."

மூன்று காலி இடத்தில் முதலாவதில் சேர்த்தேன். பெயர் கேட்டது. ஒன்று என்றே விட்டேன். அதைத் திரும்ப எடுக்க எந்தப் பொத்தான் என்று காட்டினேன். மெனு பொத்தானைத் தொட வேண்டாம் என்றேன். சாந்தினியிடமும் சொல்லிவிடுகிறேன் என்றார்.

வாசல்வரை வந்தார். நான் செருப்பை மாட்டினேன்.

"நாளைக்குக் காலைல ஆறு மணிக்கு வந்துரு. ஐயர் சீக்கிரம் வந்துருவாரு. காரியத்துக்கு ஆள் வேணும்."

"சரி அண்ணி."

"அதுக்கப்புறம் வராத."

கேட்டைச் சாத்தினார். மோட்டோவைத் தள்ளிக்கொண்டு மூலைவரை நடந்தேன். அதற்குள் உள்ளே பாட்டு மறுபடி ஆரம்பித்தது. பரஞ்சோதி அண்ணன் குத்தவில்லை. ஹெல்மெட் மாட்டினேன். இடது பக்கமாக என்னை ஒட்டி ஒரு லாரி போனது. அது கடந்த பிறகுதான், காதில் பஞ்சு இன்னும் இருப்பது தெரிந்தது.